மறதிக்குத் தண்டனையா?

தண்டனை எதற்கு என்று கேட்டால், கற்றவரும் கல்லாதவரும் ஒரே விடையைத்தான் சொல்லுவர்: செய்த பிழையை மறுபடி செய்யாதிருப்பதற்கு என்பர். பள்ளிக்கூடத்துப் பிரம்பும், தோட்டத்துக் கூலிப் பிடித்தமும், நீதிமன்றம் விதிக்கும் சிறைவாசமும் இந்த ஒரு விடையின்மீதே நிற்கின்றன. ஆனால் இவ்விடைக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்து கிடப்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. நேற்றுப் பட்ட அடியையும் இன்று செய்யப்போகும் செயலையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடும் ஆற்றல் அடிபட்டவனிடம் இருக்கவேண்டும் என்பதே அந்நிபந்தனை. முடிச்சுப் போடுகிற அந்த உறுப்பே பிறப்பதற்கு முன் பழுதாகிவிட்ட ஒருவனை என் செய்வது? அவனை அடித்தால் அதற்குத் திருத்துதல் என்று பெயரா, வெறும் அடித்தல் என்று பெயரா?

இக்கேள்வி நமக்கு ஏட்டுப் படிப்பால் உண்டானதன்று. கிள்ளானுக்கு அப்பால் கடலோரமாயுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாம் கிராணி வேலை பார்த்து வருகிறோம். ஆறாண்டுகளுக்கு முன், நாற்று மேடையில் வேலை செய்த ஓர் இளைஞரைப் பற்றி நிருவாகத்துக்கு அறிக்கை எழுத நேர்ந்தது. ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள் எழுதினோம். தமிழில் அவை ‘சோம்பேறி, பொய்யர்’ என்றாகும். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நமக்குச் சுருங்கச் சொல்லுவதில் சிறிது பெருமையும் உண்டு. அந்த இரண்டு சொற்களின் பயனாக அவருக்கு வேலை போயிற்று. (அவ்விளைஞரை ‘அவர்’ என்றே இங்குக் குறிப்போம். அப்போதே அவருக்கு இருபது வயது நிரம்பியிருந்தது. தோட்டத்தில் எல்லாரும் அவரை ‘டேய்’ என்றே விளித்து வந்தமையால் இதை எடுத்துச் சொல்லவேண்டியதாயிற்று.)

அவர் செய்த குற்றம் யாது? காலையில் மண்டோர் அவரிடம் மூன்று வேலைகளைச் சொல்லுவார்: கிழக்கு வரிசைக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடு, பிறகு உர மூட்டைகளை எண்ணு, எண்ணியதை ஆபீசில் வந்து சொல். அவர் தெளிவாகத் தலையசைப்பார். என்ன சொன்னேன் என்று கேட்டால் மூன்றையும் திருப்பிச் சொல்லவும் செய்வார். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி முதல் வரிசையிலேயே நின்றுகொண்டிருப்பார். மூட்டையை எண்ணியாயிற்றா என்றால் ஆயிற்று என்பார். எத்தனை என்றால் ஏதோ ஓர் எண்ணைக் கூசாமற் சொல்லுவார். முதல்நாள் தெரிந்திருந்த வேலை மறுநாள் தெரியாது. மூன்றாம் நாள் மறுபடியும் தெரியும். நேற்றுத் தெரிந்தது இன்று எப்படித் தெரியாமற்போகும், இது கள்ளத்தனமல்லாமல் வேறென்ன என்று நாம் முடிவு கட்டினோம். பேச்சு வேறு அவருக்குச் சரளமாக வரும். பேசத் தெரிந்தவனுக்குப் புத்தி இருந்தே தீரவேண்டும் என்பதுதானே நம்மவர் கணக்கு!

வேலை போன நாலாம் மாதம் ஓர் அம்மையார் ஆபீசுக்கு வந்தார். தமிழ்ப்பள்ளியில் முப்பதாண்டு பாடஞ்சொல்லி ஓய்வு பெற்றவர். அவ்விளைஞர் இரண்டாம் வகுப்பில் அவரிடம் படித்தவராம். நாம் எழுதிய இரண்டு சொற்களைப் பற்றி அவர் எப்படியோ கேள்விப்பட்டிருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துத் தற்காப்பாகச் சில வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டோம். அவரோ, “நீங்கள் எழுதியதைத்தான் நானும் அவனுடைய ரிப்போர்ட் கார்டில் எழுதினேன், கிராணியாரே. பிரம்பாலும் எழுதியிருக்கிறேன்” என்றார். பிறகு ஒரு மணி நேரம் பேசினார். நாம் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகளுக்கு வேலையே இல்லாமற்போயிற்று.

அவர் சொன்னதன் சாரம் இது. கருவுற்ற தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் குருதியில் கலக்கிறது. அதைச் சிதைத்து வெளியேற்றத்தக்க ஈரல் அச்சிசுவுக்கு இன்னும் முதிரவில்லை. ஆதலின் தாய்க்கு மயக்கம் தெளிந்த பின்னும் சிசு அதிலேயே ஊறிக் கிடக்கிறது. மூளை கருக்காலம் முழுதும் வளர்ந்துகொண்டேயிருக்கும் உறுப்பாதலால், எந்த மாதத்தில் அருந்தினாலும் அதற்கு ஊறு நேரலாம். இவ்வளவு அருந்தினால் தீங்கில்லை என்று மருத்துவர் இன்றுவரை ஓர் அளவு கூறவில்லை. 1968இல் பிரான்சு தேசத்து நாந்த் நகரில் பால் லெமுவான் என்னும் மருத்துவரும் அவர் தோழர்களும், குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் பிள்ளைகள் 127 பேரை ஆராய்ந்து எழுதினர். பிரெஞ்சு மொழியில் எழுதியமையால் உலகம் அதைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1973இல் சியாட்டில் நகரத்து மருத்துவர்களாகிய கென்னத் ஜோன்சும் டேவிட் ஸ்மித்தும் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதி இதற்கு ஓர் ஆங்கிலப் பெயரும் சூட்டிய பின்னரே இது நோயென ஒப்புக்கொள்ளப்பட்டது. நாம் இதைக் கருநிலை மதுப்பாதிப்பு என்று வழங்குவோம். குடித்த தாய்மார் அனைவர் பிள்ளைகளுக்கும் இது நேர்வதில்லை. 2017இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்றின்படி, கருக்காலத்தில் மதுவருந்திய தாய்மாரில் பதின்மூவருக்கு ஒருவர் வீதம் இக்குறையுள்ள பிள்ளையைப் பெறுகின்றனர். மொத்தத்தில் உலகப் பிள்ளைகளுள் ஆயிரத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் இதற்கு ஆளாகின்றனர்.

மேலுதட்டுக் குழிவு மழுங்கியிருத்தல், கண் சிறுத்திருத்தல் முதலிய முக அடையாளங்கள், கருவின் தொடக்க வாரங்களில் மது சேர்ந்த சிலருக்கே காணப்படும். பெரும்பாலோர் முகத்தில் ஒன்றும் எழுதியிராது. அறிவுச் சோதனை வைத்தாலும் பலர் சராசரி எண்ணுக்கு அருகிலேயே நிற்பர். பழுதுபட்டது வேறிடம். திட்டமிடுதல், காலக் கணக்கு, பணக் கணக்கு, இதைச் செய்தால் இது விளையும் என்று முன்னோக்குதல் ஆகிய இவற்றுக்குரிய பகுதியே அது. நினைவில் ஓர் இடைவெளி விழும்போது மனம் கைக்கெட்டிய எதையேனும் இட்டு அதை நிரப்பிவிடும். சொல்லுகிறவருக்கே அது பொய்யென்று தெரியாது. உர மூட்டைகளின் எண்ணிக்கை அவ்வாறு வந்ததே. நாம் அதைப் பொய்யென்று பதிவு செய்தோம்.

நிற்க. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீதிகளில் நடந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். 1951இல் தோன்றிய பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதனால், வெள்ளைக் கோல் ஏந்தியவர் பலர் அவ்வீதிகளில் தடையின்றிப் போய் வருவர். நடைபாதையில் அவர் காலுக்கு வழி காட்ட மேடுகள் பொறித்த மஞ்சள் ஓடுகளைப் பதித்திருக்கிறார்கள். வீதியைக் கடக்க ஒருவர் நின்றால், வாழையிலை வாங்க வந்தவரோ பூக்கட்டுகிற அம்மையாரோ சொல்லாமலே முன்வந்து கைகொடுப்பார். ‘கொஞ்சம் முயன்று பார்த்தால் உனக்குக் கண் தெரியும்’ என்று அவரிடம் யாரும் சொல்லுவதில்லை. கம்பத்தில் மோதிக்கொண்டதற்காக எவரும் அவரை அடிப்பதில்லை. அடித்தால் ஊரே திரண்டு வந்துவிடும்.

அதே ஊரில், அதே நாளில், வேறொரு பிள்ளைக்கும் கோல் கிடைக்கிறது. அது வெள்ளைக் கோலன்று, ரோத்தான். ‘நீ முயலுவதில்லை’ என்பதே அவன் காதில் விழும் முதற் பாடம். அம்மையார் நம்மிடம் சொன்னதை இங்கே சொல்ல அனுமதி தந்திருக்கிறார்: பெருக்கல் வாய்பாட்டை ஒரு வாரம் ஒப்பித்த சிறுவன் மறுவாரம் மறந்தான், அடித்தார், மறுபடி ஒப்பித்தான், அடி பலித்தது என்று மகிழ்ந்தார், அடுத்த வாரம் மறுபடியும் மறந்தான். ஈராண்டு இப்படி நடந்தது. அந்த மறதி அவனுக்கு வானிலை போன்றது, அடிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது ஓய்வு பெற்ற பிறகே அவருக்குப் புலனாயிற்றாம். தொண்டு செய்யப்போன ஓர் இடத்தில் இக்குறையைப் பற்றி ஒரு குழந்தை மருத்துவர் பேசக் கேட்டவர், அன்றிரவு தூக்கமின்றி, முப்பதாண்டு மாணவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருக்கிறார். பின்பு கிள்ளானிலுள்ள அவ்விளைஞரின் வீட்டைத் தேடிப் போயிருக்கிறார்.

இனி, குற்றம் தாயினுடையது என்று சொல்லி முடித்துவிட விரும்புவோர் உளர். அவர்களுக்கு நம் வட்டாரத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் நினைவூட்டவேண்டும். சர்க்கார் உரிமத்துடன் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை நடந்த நாடு இது. வாங்கிய கூலி வந்த வழியே திரும்பிப் போவதற்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு, பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டனர். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார்; பட்டாளம் வந்தது; சுடப்பட்டு மாண்டோரும் உண்டு. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்று அடக்குமுறைக்கு ஆளாயினர். அப்பெரியோர்கள் கள்ளினால் அழிந்த கூலியையும் மனைவியர் பட்ட அடியையும் பேசினர். கருவில் இருந்த பிள்ளையைப் பற்றி அவர்கள் பேசவில்லை. அந்த அறிவு அப்போது எவர்க்கும் இல்லை. கள்ளின் இடத்தில் மலிவுச் சம்சு வந்து அமர்ந்த பின்னர், அறிவு வந்தும் நாம் பேசவில்லை என்பதே வெட்கத்துக்குரியது.

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில் திராட்சைத் தோட்டக் கூலிகளுக்குக் கூலியின் ஒரு பங்கை மதுவாகவே அளந்து கொடுக்கும் ‘டாப்’ முறை நெடுங்காலம் நடந்தது. சட்டம் அதைத் தடுத்த பின்னும் குடி தொடர்ந்தது. அப்பகுதிச் சமூகங்கள் சிலவற்றில் முதல் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்தபோது நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இக்குறை காணப்பட்டது. உலகில் இதுவரை அளந்து கண்ட விகிதங்களுள் அது மிக உயர்ந்தவற்றைச் சேர்ந்தது. மதுவை ஊற்றிய கை எது என்று அங்கே கேட்டால், தாயின் கை கடைசியாகத்தான் வரும்.

இதனால் இது ஏழைத் தொழிலாளர் வீட்டுக் குறை என்று யாரும் எண்ணிக்கொள்ளவேண்டா. குளிரூட்டிய மண்டபத்தில் பளிங்குக் கிண்ணத்தில் அருந்தினாலும் சாராயச் சத்து ஒன்றே. நஞ்சுக்கொடிக்கு வகுப்பு வேற்றுமை தெரியாது. கருவுற்றதை அறியாமலே முதல் சில வாரங்களைக் கழித்துவிடும் பெண்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. தந்தையின் குடியும் கருவுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று எலிகளைக் கொண்டு செய்த சோதனைகள் இப்போது காட்டி வருகின்றன. தாடியைத் தடவிக்கொண்டு பெண்டிரைத் தூற்றும் ஆடவர் இதையும் குறித்துக்கொள்ளட்டும்.

தாயைத் தூற்றுவதில் நீதிக்குறைவு மட்டுமல்ல, ஒரு பெரும் நஷ்டமும் இருக்கிறது. மருத்துவர் இக்குறையைத் துணிந்து சொல்லவேண்டுமானால் கருக்காலத்தில் மதுவருந்தினீர்களா என்று கேட்டு அறியவேண்டும். தூற்றப்படுவோம் என்று அஞ்சும் தாய் ‘இல்லை’ என்பாள். அந்த ஒரு சொல்லோடு பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய பெயரும், பெயரோடு வரவேண்டிய துணையும் போயிற்று. ஊனமுற்றோர் சட்டம் 2008இல் வந்தது. சமூக நல இலாகா தரும் அட்டையில் கற்றல் குறைபாடு என்று ஒரு வகை இருக்கிறது. எப்பிள்ளையையும் பள்ளி திருப்பியனுப்பலாகாது என்ற கொள்கை 2019இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் முகத்தில் அடையாளமில்லாத, வாயில் பேச்சுள்ள பிள்ளையை இவற்றின் வாசலுக்கு அழைத்துப்போக யாருக்குத் தோன்றும்? நம் இளைஞரின் தாய் ஆசிரியை அம்மையாரிடம் அதைச் சொல்ல ஏழு தடவை சந்திப்பு வேண்டியிருந்தது. ஆறு தடவையும் அம்மையார் தேநீர் குடித்துவிட்டு வந்திருக்கிறார்! ஏழாம் தடவை, கணவன் சாலை விபத்தில் இறந்த அந்த ஐந்து மாதம் தாம் எப்படி இருந்தோம் என்பதை அத்தாயே சொன்னாராம். ‘முன்வினை’ என்று அக்கம்பக்கத்தார் இருபது வருஷம் சொல்லி வந்ததைக் கேட்டுத் தலைகுனிந்திருந்த அவருக்கு, இது வினையன்று, காரணமுள்ள ஒரு காயம் என்று தெரிந்தது பெரிய துயரமாகவும் சிறிய விடுதலையாகவும் இருந்திருக்கவேண்டும். அவர் அனுமதியுடனேயே இதையும் எழுதுகிறோம்.

சியாட்டிலில் 1991இல் தொடங்கிய ஒரு முயற்சி இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. மதுவிலும் போதையிலும் அமிழ்ந்த தாய்மார்க்கு ஒவ்வொருவராகத் துணைப்பெண் ஒருத்தியை அமர்த்தி, மூன்றாண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்வரச் செய்தனர். அத்துணைப்பெண்களிற் பலர் தாமும் அவ்விதத் துன்பங்களைக் கடந்து வந்தவர்கள். தாய் மறுபடி குடித்துவிட்டால் துணையை நிறுத்திவிடுவதில்லை என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. நல்லவர்க்கே நன்மை என்னும் நம் பழக்கத்துக்கு இது எவ்வளவு மாறானது!

இனித் துணை நிற்பவர் செய்யவேண்டியது யாது என்பதைப் பார்ப்போம். இதில் நமக்கு ஆசிரியர் நம் தோட்டத்து மண்டோரே. ஆறாம் வகுப்போடு நின்றவர். அம்மையார் வந்துபோன பிறகு, அவ்விரண்டு சொற்களையும் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு முழுப்பக்கம் எழுதி மானேஜரிடம் கொடுத்தோம். இளைஞர் மறுபடி வேலைக்கு வந்தார். மண்டோர் அவரைப் பத்து நாள் சும்மா பார்த்துக்கொண்டேயிருந்தார். பதினோராம் நாள் பலகைத் துண்டுகளை அறுத்து வில்லைகளாக்கி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம் பூசினார். காலையில் ஒரே ஒரு வில்லையைக் கொடுப்பார். வேலை முடிந்தால் அதைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்ளவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஒரே சொற்களால், ஒரே இடத்தில். நேற்றுச் சொன்னோமே என்று மண்டோர் ஒருநாளும் கேட்பதில்லை. ஒவ்வொரு நாளும் முதல்நாளாகவே சொல்லுவார். காலை ஐந்தரை மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் தாம் பெரட்டுக்கு வருவார். இத்துறையில் ஆயுளைச் செலவிட்ட மேல்நாட்டு ஆசிரியர்களும் இதையேதான் வற்புறுத்துகின்றனர்: மாறாத ஒழுங்கு, கண்ணுக்கும் கைக்கும் தட்டுப்படும் குறி, சலிக்காத மறுமொழி, அருகில் ஒருவர். அவ்வாறு அருகில் இருப்பவரை ‘வெளிமூளை’ என்று அவர்கள் வழங்குவர். மண்டோருக்கு அச்சொல் தெரியாது. தெரிவித்தபோது சிரித்தார்.

ஆனால் ‘வெளிமூளை’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் வாசகருள் சிலர் முகஞ்சுளிப்பர் என்று அறிவோம். தன் காலில் தான் நிற்பதே தன்மானம் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். பிறர் மூளையை ஆயுள் முழுதும் கடன்வாங்கி நடப்பவனுக்குத் தன்மானம் ஏது? அவன் அடிமையல்லவா? இக்கேள்வி நம்மையும் சில காலம் உறுத்தியது.

உறுத்தல் தீர்ந்தது நம் மேசையிலேயே. (வெள்ளைக்காரர் போய் வெகுகாலமாயினும், மானேஜரைத் துரை என்றே அழைக்கும் பழக்கம் தோட்டத்தில் இன்னும் போகவில்லை.) துரைக்கு எந்தத் தேதியில் எந்த அறிக்கை போகவேண்டும் என்பது தெரியாது, நமக்குத் தெரியும். எந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதினார் என்பதை மறந்துவிடுவார். நாம் கோப்பை எடுத்து நீட்டுவோம். உரம் எத்தனை மூட்டை என்று தலைமை ஆபீசிலிருந்து தொலைபேசியில் கேட்டால், அவர் நம் முகத்தைப் பார்ப்பார். அவர் தம் சொந்த மகளின் பிறந்தநாளையும் சென்ற ஆண்டு நாமே நினைவூட்டினோம். நூறாண்டுக்கு மேலாக இத்தோட்டங்களில் துரைகளின் வெளிமூளையாக இருந்து வந்தவர்கள் கிராணிமார். அதனால் எந்தத் துரைக்காவது தன்மானம் குறைந்ததாகக் கேட்டதுண்டா? மந்திரிக்குச் செயலாளர், முதலாளிக்குக் கணக்கர், நீதிபதிக்கு எழுத்தர். மேலே போகப் போக ஒருவருக்கு வெளிமூளைகள் பெருகுகின்றனவேயன்றிக் குறைவதில்லை. மறதி பெரியவர்க்கு வந்தால் உதவியாளரை அமர்த்துகிறோம். சிறியவர்க்கு வந்தால் கூலியைப் பிடிக்கிறோம். ஆகவே அவ்விளைஞர் கேட்பது புதியதோர் சலுகையன்று. துரைக்குச் சம்பளத்தோடு கிடைக்கிற ஒன்றைத்தான் அவர் கேட்கிறார்; அதுவும் வாய்திறந்து கேட்கத் தெரியாமல்.

இன்னொன்றும் உண்டு. பழைய ரப்பர்த் தோட்டத்தில் இப்படிப்பட்டவர் எத்தனை பேர் கண்ணிற்படாமலே வாழ்ந்து முடித்தார்களோ! விடியலில் மணி, பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுதல், நாள்தோறும் அதே நிரை, அதே மரம், பிள்ளைக்கு ஆயாக் கொட்டகை, யார் மகன் யார் என்று அறிந்த லயம். அந்த ஒழுங்கு பாலைக் கறப்பதற்காக ஏற்பட்டதேயன்றி மனிதரைத் தாங்குவதற்காக அன்று. அதைப் புகழ நாம் வரவில்லை. ஆனாலும் தாங்கவே செய்தது. சிலாங்கூரின் தோட்டங்கள் ஒவ்வொன்றாய் வீடமைப்பும் நெடுஞ்சாலையும் ஆனபோது, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. அங்கே மணியடிப்பாரில்லை. தவணைக் கடன், வங்கி அட்டை, கைத்தொலைபேசி, ஆலோங் எல்லாம் இருந்தன.

அந்த வங்கி அட்டையால்தான் நம் இளைஞர் அகப்பட்டார். வேலை போயிருந்த அந்த நாலு மாதத்தில், சிநேகிதன் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் ஐம்பது வெள்ளி கொடுத்து அவருடைய அட்டையையும் இரகசிய எண்ணையும் வாங்கிக்கொண்டான். மோசடிக்காரர் பிறர் பணத்தைக் கடத்தப் பயன்படுத்தும் கணக்கை மலாயில் ‘அக்காவுன் கெல்டாய்’, அதாவது கழுதைக் கணக்கு என்பார்கள். இவருடையதும் அப்படி ஆயிற்று. விசாரணையில், பணத்தை நீ எடுத்தாயா என்றால் ஆம் என்றாராம். எடுக்கவில்லையா என்றாலும் ஆம் என்றாராம். கேட்பவர் முகம் எதை விரும்புகிறதோ அதைச் சொல்லிவிடுவது இக்குறையுள்ளவர் பலரின் இயல்பு. சியாட்டிலில் ஆன் ஸ்ட்ரைஸ்கூத் என்னும் உளநூலறிஞர் 415 பேரைக் குறித்து 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பன்னிரண்டு வயது கடந்தவர்களுள் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் சட்டத்தின் பிடியில் அகப்பட்டிருந்தனர். இளமையிலேயே குறை கண்டறியப்பெற்று நிலையான நல்ல இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடுக்கண் குறைவாகவே நேர்ந்ததென்றும் அவ்வாராய்ச்சி கண்டது. இரண்டாம் தடவை விசாரணைக்குப் போனபோது அம்மையார் உடன் போய், மருத்துவர் கடிதத்தைக் காட்டி, கேள்விகளை ஒவ்வொன்றாகவும் விடையைச் சுட்டாமலும் கேட்கும்படி வேண்டினார். வழக்கு அவ்வளவோடு நின்றது. அம்மையார் இல்லாதவர்களின் வழக்கு எங்கே போய் நின்றிருக்குமோ!

அவர்மீது பொறுப்பே கிடையாது என்று சொல்லவருகிறீர்களா என்று கேட்கலாம். அப்படிச் சொல்லவில்லை. இயலாத ஒன்றைக் கடமையாக்க முடியாது என்று மட்டுமே சொல்லுகிறோம். இயன்றதில் அவர் யாருக்கும் குறைந்தவரல்லர். வாடத் தொடங்கும் கன்றை ஆயிரம் கன்றுகளுக்கிடையே அவர் கண் முதலில் கண்டுவிடும். வண்டு துளைத்த குருத்தை மண்டோருக்கு அவரே காட்டுகிறார். ஐம்பது வெள்ளியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அவனிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று ஒருநாள் நம்மிடம் வந்து நின்றார். அவனைத் தேடிப் போகவேண்டா என்று தடுக்க நாம் பட்டபாடு கொஞ்சமன்று. கடன்பட்டதை உணரும் நெஞ்சு அவருக்கு இருக்கிறது. யாரிடம் கடன்பட்டோம் என்பதுதான் குழம்பிப்போகிறது.

துணை நிற்பவர்க்கும் ஒரு வீழ்ச்சி காத்திருக்கிறது. மறதியைத் தாங்கப் போனவர் விருப்பத்தையும் பறித்துக்கொள்ளுவது எளிது. சென்ற ஆண்டு அவர் மோட்டார் சைக்கிள் வாங்கவேண்டும் என்றார். மண்டோர் கூடாது என்றார். நாமும் கூடாது என்றோம். தவணை கட்ட மறப்பார், வேகத்தில் போவார், யாரேனும் இரவல் கேட்டால் கொடுத்துவிடுவார். அம்மையார் மட்டும், “உங்கள் இருவரையும் யார் கேட்டுக்கொண்டு வாங்கினீர்கள்?” என்றார். மூவரும் ஒரு மாலை முழுதும் வாதாடினோம். அவர் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பதும், அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும் விளக்கேற்றுகிற நேரத்தில்தான் நமக்கு உறைத்தது. கேட்டோம். மோட்டார் சைக்கிள் எதற்கு என்றால், ஞாயிற்றுக்கிழமை தாயைக் கிள்ளான் சந்தைக்கு அழைத்துப் போக என்றார். பஸ் நேரத்தை ஒரு வெள்ளைத் துணியில் எழுதித் தைத்துக் கொடுத்தார் அம்மையார். அது சரியான விடையா, ஏய்ப்பா என்று இன்றளவும் நமக்குத் தீர்மானமில்லை. மோட்டார் சைக்கிள் பேச்சை அவர் இப்போதும் மறக்கவில்லை.

மண்டோருக்கு வரும் ஆனி மாதத்தோடு அறுபது முடிகிறது. ஓய்வு பெற்றதும் மகள் வீட்டோடு ஈப்போவுக்குப் போகிறார். புதிதாய் வருகிறவர் பெரட்டில் நாற்பது பேரைப் பார்க்கவேண்டும். வேலையாட்களிற் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். ஐந்தரை மணிக்கு ஒரு கதவைத் தட்டுவது அவர் வேலைக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கவில்லை. அதை எழுதவேண்டும் என்று மானேஜருக்கு ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறோம். தருமமாகக் கேட்கவில்லை, தண்ணீர்க் குழாய்க்கும் உரத்துக்கும் செலவெழுதுகிற அதே பட்டியலில், நாளொன்றுக்கு அரைமணி நேரக் கூலியாக அதையும் சேர்க்கும்படி கேட்டிருக்கிறோம். வில்லைகளில் இரண்டு சாயம் போயிருந்தன. நேற்று மாலை இளைஞரே அவற்றுக்குப் புதுச்சாயம் பூசிக்கொண்டிருந்தார். சிவப்பை மட்டும் எதற்கென்று மறந்துவிட்டு, மண்டோரைக் கேட்க எழுந்து போனார்.